கிராணி வீட்டுக் காத்தாடியும் என் வேலையும்

வயர்மேன் வேலையில் ஷாக் அடிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நேற்று சரிசெய்ததை இன்று மறுபடியும் பார்க்கக் கூப்பிடுவார்களே, அதைத்தான் தாங்க முடியாது. ஏணியைத் தோளில் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதரர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு வீடு வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது, தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் வீடு.

கம்பளிக்குள் ஒரு மனிதர்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆறு மாதத் தற்காலிக வயர்மேனாக இருந்தேன். நிரந்தரமானால் தனி வீடு. இல்லாவிட்டால் பழையபடி முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு செடிக்குத் தெளிக்கப் போக வேண்டியதுதான். அந்த மருந்து வாடைக்கு என் மனைவி சாப்பாட்டுத் தட்டையே தள்ளி வைத்துவிடுவாள். அதனால் இந்த வேலை எனக்கு உயிராக இருந்தது. என்னைப் பற்றித் தோட்ட மேனேஜர் துரைக்கு எழுத வேண்டியவர் பெரிய கிராணி.

அந்தக் குளிரில் வீட்டில் காத்தாடி வைத்திருந்ததும் அவர் ஒருவர்தான். கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது கழற்றிக்கொண்டு வந்தாராம். சாயந்தரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலைக்கு மேல் அதைச் சுற்றவிட்டுப் பேப்பர் படிப்பார். அது 'டக் டக்' என்று அடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். இறக்கைத் திருகுகளை முடுக்கினேன். சத்தம் நின்றது. ஏணியை எடுக்கும்போது சொன்னார்: "பார்த்து இறங்கு மாணிக்கம். காத்தாடியில கை பட்டுறப் போகுது. எங்க வீட்டுல யாரும் அதைத் தொட மாட்டாங்க."

இரண்டாம் முறை, மூன்றாம் முறை

மறுநாளே ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார். அதே டக் டக். தேயிலை லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போய், கொக்கியில் போடும் ரப்பர் புஷ் வாங்கி வந்து மாற்றினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சத்தம். மூன்றாம் முறை கழற்றினால், நான் நேராக நிறுத்திய, காத்தாடி தொங்கும் பைப்பே லேசாகச் சாய்ந்திருந்தது. எனக்குத் தலை சுற்றியது.

நிமிர்த்திக் கொடுத்தேன். "மாசக் கடைசியில எழுதணும்" என்று மட்டும் சொன்னார் கிராணி. தேயிலை ஆலையில் பாய்லர் பார்க்கும் முனியாண்டியிடம் போய்ப் புலம்பினேன். அவன் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினான்: "நீ காத்தாடிய முடுக்குறியா, காத்தாடி உன்னை முடுக்குதா லா?"

மறந்துபோன டெஸ்ட் பேனா

நல்லவேளை, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பேனாவை அவர் வீட்டு மேசையிலேயே விட்டுவந்துவிட்டேன். மறுநாள் காலை, கிராணி ஆபீசில் இருந்த நேரத்தில், அதை எடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கைகளின் நுனியையும் இணைத்துக் கயிறு. கயிறு நிறையக் குழந்தைத் துணி. ஒரு பக்கம் இரண்டு சின்ன நாப்பி, இன்னொரு பக்கம் நனைந்த ஒரு கம்பளித் துண்டு. குடை ராட்டினம் மாதிரி எல்லாம் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றின.

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்திருந்தாள். பேரன் பிறந்து இருபது நாள். வெளியே மூன்று வாரமாக விடாத மழை. கிராணியம்மா என்னைப் பார்த்ததும் சுவிட்சை அமுக்கிவிட்டு அழாத குறையாக நின்றார். "தம்பி, அவருகிட்ட சொல்லிடாதீங்க. துணி எதுவும் காய மாட்டேங்குது. அவர் வர்றதுக்குள்ள அவுத்துருவேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? என் சோறே இந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் துணி துவைத்துத் துவைத்து வெளுத்துச் சுருங்கியிருந்த அவர் விரல்களைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. சாய்ந்த பைப்பை நிமிர்த்தி, எல்லாவற்றையும் முடுக்கினேன். பிறகு சுவரில் ஆளுயரத்தில் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, காத்தாடிக்குக் கீழே குறுக்கே கொடி கட்டிக் கொடுத்தேன். காத்தாடியைச் சுற்றவிட்டதும் நாப்பிகள் காற்றில் படபடத்தன. கிராணியம்மா அண்ணாந்து பார்த்தார்: "அட, துணி சும்மா தொங்குனாப் போதுமா? இதையும் சேர்த்துல்ல சுத்த விட்டுக்கிட்டு இருந்தேன்!"

மாசக் கடைசி

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாசக் கடைசியில் கிராணி கூப்பிட்டார். மருந்து டப்பாவை நினைத்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்க்காமல் உட்காரச் சொன்னார். முந்தின நாள் அவர் வீட்டில் எனக்கு எதிராக எழுத உட்கார்ந்தாராம். அவர் மனைவி வந்து பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, கயிறு கட்டிய கதை முழுவதையும் சொன்னாராம். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மா அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவையாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிராணி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நிரந்தரம் செய்யச் சொல்லித் துரைக்கு எழுதியிருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "சத்தம் நின்னதுலேருந்து பேரன் பகல்ல தூங்க மாட்டேங்குறான், மாணிக்கம். பிறந்ததுலேருந்து அதைக் கேட்டே தூங்கியிருக்கான். சாயந்தரம் வந்து கொஞ்சமா ஒரு டக் டக் போட்டுட்டுப் போ லா."

கெட்ட காத்தாடியைச் சரிசெய்யத் தெரிந்தவன் வயர்மேன்; நல்ல காத்தாடியை அளவோடு கெடுக்கவும் தெரிந்தவன்தான் நிரந்தர வயர்மேன்.