முந்நூறு ஆடுகளும் ஒரு பிடியும்

பதினோரு வருடம் பழகிய வேலையை ஓர் உடம்பு ஆறே மாதத்தில் எப்படி மறக்கும்? தலைநகர் பிஷ்கெக்கில், பயிற்சிக்கூடத்தின் வாசல்படியில் உட்கார்ந்து சோல்போன் தன்னையே இப்படிக் கேட்டுக்கொண்டாள்.

ஐம்பத்து மூன்று கிலோ பிரிவில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மல்யுத்த வீராங்கனை அவள். 2020 மார்ச்சில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். கொரோனாவால் போட்டி தள்ளிப்போனது, கூடத்தைப் பூட்டினார்கள். கிடைத்த கடைசி வண்டியில் அத்-பாஷி என்ற மலையூரில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் பின்னாலேயே சாலைக்குக் குறுக்கே சோதனைச் சாவடியும் வந்தது.

முதல் வாரம் ஓய்வு போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு உடம்பு அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. காலை ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வரும், போவதற்கு இடமிருக்காது. முற்றத்தின் நீளம் இருபத்திரண்டு காலடி. அதற்குள் ஓடினாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள். நாய்கூடப் பார்த்துச் சலித்துத் தூங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் பட்டினி கிடந்தது போதும் என்று சொல்லி, பொரித்த மாவுத் துண்டுகளை அம்மா தட்டில் குவிப்பாள். வேண்டாமென்றால் அம்மா முகம் வாடும், சாப்பிட்டால் எடை ஏறும். மே மாதத்தில் தராசு ஐம்பத்தொன்பது காட்டியது. கதவை யாராவது வேகமாகச் சாத்தினால்கூடச் சண்டைக்குப் போனாள்.

“அக்கா, உனக்கு கொரோனாவே தேவலாம்,” என்றான் தம்பி எர்மெக். “அது மூஞ்சியப் பார்த்துக் கத்தாது.”

பயிற்சியாளர் ஓமுர்பெக் வாரம் ஒருமுறை போனில் பேசுவார். மல்யுத்தம் பழக எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆள் இல்லையென்றால் எதையாவது பிடி, எதையாவது புரட்டு, கை சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜூனில் ஆடுகளுக்கு முடி வெட்டும் காலம் வந்தது. வழக்கமாக வருகிற ஆட்கள் சாவடியைத் தாண்டி வரமுடியவில்லை. சோல்போன் கத்தரியைக் கையில் எடுத்தாள். பின்னங்காலைப் பிடித்து இழுக்க வேண்டும், பிட்டம் தரையில் படும்படி உட்காரவைத்து முதுகைத் தன் காலில் சாய்த்துக்கொள்ள வேண்டும். மல்லாந்ததும் ஆடு அடங்கிவிடும். அந்தக் கணமே பிடியைத் தளர்த்திக் கத்தரியை ஓட்டலாம். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. அடுத்த வீட்டு ஆடுகளையும் கேட்டு வாங்கினாள். சீசன் முடிவதற்குள் முந்நூறைத் தாண்டிவிட்டாள். அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்த ஓமுர்பெக் அருமை என்று பதில் போட்டார்.

செப்டம்பர் கடைசியில் பிஷ்கெக்கில் தேர்வுப் போட்டி வைத்தார்கள். தகுதிப் போட்டிக்கு அந்தப் பிரிவில் ஒருத்திதான் போகமுடியும். உதடு வெடிக்கும்வரை நீராவி அறையில் உட்கார்ந்து சோல்போன் எடையைக் குறைத்தாள். எதிரே பெர்மெத், இருபது வயதுப் பெண். இரண்டறை வீட்டுக்குள் தன் அக்காவோடு தினமும் கட்டிப்புரண்டு அடைப்புக் காலத்தைக் கழித்தவள். கீழ்வீட்டுக்காரர் மூன்று தடவை புகார் கொடுத்திருந்தாராம்.

இரண்டாம் சுற்றில் சோல்போன்தான் முன்னணியில் இருந்தாள். பெர்மெத்தின் காலைப் பிடித்து இழுத்துப் புரட்டினாள். பெர்மெத் மல்லாந்து விழுந்தாள். ஒரு தோள் விரிப்பில் பட்டுவிட்டது, இன்னொன்றும் பட்டுவிட்டால் வெற்றிதான். அப்போது சோல்போனின் கைகள் தளர்ந்தன. அவள் தளர்த்தவில்லை, கைகளே விட்டன. பெர்மெத் வில்லாக வளைந்து, உருவிக்கொண்டு மேலே ஏறினாள். மூச்சு விடுவதற்குள் சோல்போனின் இரண்டு தோளும் விரிப்பில் கிடந்தன, ஆட்டம் முடிந்தது.

“கையில இருந்த ஆளை ஏன் விட்ட?” என்றார் ஓமுர்பெக்.

“அடங்கிடுச்சுன்னு நெனச்சேன், மாஸ்டர்.”

“எது?”

“ஆடு.”

கூடமே சிரித்தது. “நல்லவேளை, என் முடிய வெட்டாம விட்டீங்கக்கா,” என்றாள் பெர்மெத். ஓமுர்பெக் மட்டும் சிரிக்கவில்லை. புரட்டச் சொன்னவர் அவர்தானே. வாசல்படியில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்று மாலைதான்.

மறுநாள் ஊருக்குப் போகும் வண்டியில் இடம் பிடித்திருந்தாள். வண்டி போய்விட்டது, அவள் ஏறவில்லை. கூடத்துக்குள் வந்து பெர்மெத் முன்னால் நின்றாள்.

“உன்ன மல்லாக்கப் போட்டுப் பிடிப்பேன். நீ அடங்கவே கூடாது, திமிறிக்கிட்டே இரு.”

“எதுக்குக்கா?”

“என் கை விடாம இருக்கப் பழகணும்.”

“பழகிட்டு?”

“அடுத்த தேர்வுல உன் இடத்தக் கேப்பேன்.”

பெர்மெத் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “கேளுங்க. தரமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு விரிப்பில் படுத்தாள்.

முதல் நாள் கைகள் நான்கு தடவை விட்டன. ஆறாம் நாள் இரண்டு தடவை. பெர்மெத் ஒவ்வொரு முறையும் உருவிக்கொண்டு எழுந்தாள். சோல்போன் திரும்பவும் பிடித்தாள்.

நீண்ட நாள் வீட்டில் அடைந்து கிடந்து, களத்துக்குத் திரும்பித் தோற்றவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் சோல்போனைப் பற்றிச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.