அம்மாவுக்கு இரண்டு குமிழ்

அப்பா ஏசி மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் அவர் 'ஏசி அண்ணன்'. இரண்டு செம்புக் குழாய்களைச் சேர்த்து, நெருப்புக் காட்டி, கம்பியை உருக்கி ஒட்டுவதில் அவர் கில்லாடி. ஒட்டியது ஆறியதும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் தன்னையே திட்டிக்கொள்வார். வராவிட்டால், "ம்" என்பார். அந்த 'ம்'முக்குப் பிறகு அந்தக் குழாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர் எள்ளளவு சாமானை ஒட்டப் போய்ப் பட்ட பாட்டை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடிந்ததிலிருந்து ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றுகிறேன் என்று வீட்டில் எனக்குப் பெயர். இதை எழுதுவதற்காக உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுப் பைகள் தைப்பவள். பழைய ரேடியோவில் ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டிக்கொண்டு, கூடவே பாடிக்கொண்டு தைப்பாள். சுருதி சேராது. ஆனால் வீடு கலகலவென்று இருக்கும். போன வருடம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அம்மாவின் வலது காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ரேடியோவில் இருப்பதோ சத்தத்துக்கு ஒரே குமிழ். கூட்டினால் இடது காது வலித்தது. குறைத்தால் வலது காதில் ஒன்றும் விழவில்லை.

"பக்கத்து வீட்ல யாரோ பாடற மாதிரி இருக்கு. வேணாம் போ," என்று ஹெட்போனைக் கழற்றி நூல்கண்டுப் பெட்டியில் போட்டுவிட்டாள். பாடுவதும் நின்றுபோனது.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. காதுக்கு ஒரு குமிழாக இரண்டு குமிழ் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தானே செய்வது என்று இறங்கினார். பார்சலில் ஒரு சர்க்யூட் போர்டும் அதில் ஒட்ட வேண்டிய சாமான்களும் வந்தன. நீளமான கால் உள்ள சாமான்களை ஓட்டையில் நுழைத்து ஒட்டலாம் என்று நினைத்திருந்தார். இவற்றுக்கு ஓட்டையே கிடையாது. போர்டின் மேலேயே உட்கார வைத்து ஒட்ட வேண்டும்.

"இதுவா கெபாசிட்டர்? நான் தினம் ஏசில மாட்டறது டம்ளர் சைஸ்ல இருக்கும்!"

"தும்மிடாதீங்க," என்றாள் அம்மா.

அப்பா தும்மவில்லை. பெருமூச்சுதான் விட்டார். அதற்கே இரண்டு சாமான்கள் பறந்துபோயின. நான் டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

அடுத்த தொல்லை ஈயம். குழாயில் இணைப்பைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் நிரப்பிப் பழகிய கை அது. சிப்பின் எட்டுக் கால்களையும் ஒரே ஈயக் கட்டியாக்கிவிட்டார்.

"லீக் ஆகக் கூடாதுல்ல பாப்பா?"

"அப்பா, இதுல என்ன கேஸா ஓடுது?"

வழித்து எடுத்தார். செம்புப் பின்னலை வைத்துச் சூடு காட்டினால் அது ஈயத்தைத் துணி தண்ணீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்கிறது. மெல்ல மெல்லப் பிடிபட்டது. முதலில், ஈயம் பிடிப்பதற்குப் பேஸ்ட் தடவ வேண்டும். ஒரு முனையில் மட்டும் பொட்டு ஈயம். அதை உருக்கியபடியே இடுக்கியால் சாமானை அதில் நகர்த்தி, நேராக உட்காரவைத்து, பிறகுதான் மறு முனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்வார். முகம் சிவந்துவிடும்.

கடைசிக் கெபாசிட்டரும் உட்கார்ந்தது. அப்பா அதை இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

பழக்கதோஷம். சாமான் கையோடு வந்தது. அது ஒட்டியிருந்த செம்புத் தகடும் போர்டிலிருந்து உரிந்து கூடவே வந்தது. இனி ஒட்டுவதற்கு அங்கே இடமே இல்லை.

அப்பா தன்னைத் திட்டிக்கொள்ளக்கூட இல்லை. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"விடுங்க. எனக்குப் பழகிடுச்சு."

"எனக்குப் பழகலையே," என்றார் அப்பா.

அம்மா போய்த் தன் தையல் விளக்கை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

அந்த வெளிச்சத்தில் அப்பா ஒரு பழைய வயரைச் சீவி, அதிலிருந்து முடி போன்ற ஒரே ஓர் இழையைப் பிரித்தார். சாமானின் ஒரு முனையைப் பழையபடி ஒட்டி, உரிந்துபோன இடத்தைத் தாண்டி, மறு முனைக்கும் அடுத்த இணைப்புக்கும் நடுவே அதைப் பாலமாக வைத்து ஒட்டினார். ஆறிய பிறகு இழுத்துப் பார்க்கக் கை போனது. சட்டென்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

போர்டை ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்துத் திருகி, பேட்டரி போட்டு, ரேடியோவோடு இணைத்தார். நூல்கண்டுப் பெட்டியிலிருந்து ஹெட்போன் வெளியே வந்தது. அதை டப்பாவில் செருகி அம்மா மாட்டிக்கொண்டாள். அப்பா இடது குமிழைக் கொஞ்சமாக வைத்துவிட்டு வலது குமிழைத் திருகினார்.

"போதுமா?"

"இன்னும்."

"போதுமா?"

"அவசரப்படாதீங்க. இன்னும்... ம், நிறுத்துங்க." அம்மா இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்தாள். "இங்க வந்து பாடறாங்க!"

அம்மாவும் பாட ஆரம்பித்தாள். அதே சேராத சுருதி. பாடிக்கொண்டே, தைக்க வேண்டிய துணியை எடுக்க எழுந்து நடந்தாள். காதில் வயர் இருப்பதை மறந்துவிட்டாள். சோப்பு டப்பா மேசையிலிருந்து இழுபட்டுப் போய்த் தரையில் 'டொப்'பென்று விழுந்தது.

அப்பாவும் நானும் அப்படியே நின்றோம்.

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்து, ஹெட்போன் மாட்டியவர்கள் பேசும் பெரிய குரலில் கத்தினாள்: "ரெண்டு பேரும் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அப்பா குனிந்து டப்பாவை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தார்.

"ம்," என்றார்.