மாமாவுக்கு அரை டம்ளர் காப்பி

என் அத்தை ஒரு கஞ்சப் பிசினாறி என்று பத்து வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன். அதற்கு என்னிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்ததும் அவருக்கு அரை டம்ளர் காப்பிதான் கொடுப்பாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தால்தான் காப்பி கண்ணுக்குத் தெரியும்.

மற்ற எல்லாவற்றிலும் அவள் கை தாராளம். எனக்கு இட்லி வைக்கும்போது போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைத்தால், விரலிடுக்கில் ஒன்றை வைத்துவிட்டுப் போவாள். வாசலில் தபால்காரர் தண்ணீர் கேட்டால் உள்ளேயிருந்து மோர் வரும். அப்பேர்ப்பட்டவள் கட்டின புருஷனுக்கு மட்டும் அளந்து ஊற்றுகிறாளே என்று எனக்கு மனசு ஆறாது. மாமா பாவம், ஒன்றும் சொல்லமாட்டார். அந்த அரை டம்ளரை இரண்டு கையாலும் கோவில் தீர்த்தம் மாதிரி வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு அரை வேண்டும் என்று டம்ளரைக் கீழே வைப்பார். அத்தை மறுபடி அரைதான் ஊற்றுவாள்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வீடு இலஞ்சியில். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அம்மா என்னை ஆலங்குளத்தில் பஸ் ஏற்றிவிடுவாள், தென்காசியில் மாமா இறக்கிக்கொள்வார். அந்தப் பத்து நாளும் அந்த வீட்டுக்கு ராணி நான்தான்.

குற்றாலத்துப் பங்களாக்களிலும் காட்டேஜ்களிலும் தோட்டத்துப் புல்லை வெட்டிவிடுவதுதான் மாமாவின் தொழில். சாரல் விழுகிற ஊரில் புல்லுக்கு லீவு கிடையாது. இன்றைக்கு ஒட்ட வெட்டினாலும் பதினைந்து நாளில் முழங்காலைத் தொடும். அதற்காக மாமா ஒரு பெட்ரோல் மெஷின் வைத்திருந்தார். தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நீளக் குழாயின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து வீசி வீசி வெட்டுகிற மெஷின். பிடித்திருக்கிற கையெல்லாம் கிடுகிடுவென்று அதிரும். அது ஓடினால் ஐந்தருவி ரோட்டில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். மதில் மேலே உட்கார்ந்திருக்கும் குரங்குகள் குட்டிகளை வயிற்றில் இடுக்கிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். குரங்குகள் என்னைப் பார்த்துத்தான் ஓடுகின்றன என்று அவ்வளவாக நம்பவில்லை, கொஞ்சம் நம்பினேன்.

அந்த மெஷினை உயிர்ப்பிக்க ஒரு கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். அதை எண்ணுவது என் வேலை. நான் ‘ஒண்ணு’ என்பேன், மாமா இழுப்பார். ‘ரெண்டு’ என்பேன். ‘மூணு’ என்று நான் வாயை மூடுவதற்குள் அது அலறும். எத்தனை லீவு போனாலும் அந்தக் கணக்கு மாறியதில்லை. அந்த வருஷம் மட்டும் ஏழுக்கும் எட்டுக்கும் போனது. ஒரு நாள் ஒன்பதைச் சொன்னபோது மாமா, “மனசுக்குள்ள எண்ணுட்டி. மெசினுக்கு வெக்கமா இருக்கும்லா” என்றார். மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று நானும் அதற்குப் பிறகு சத்தமில்லாமல் எண்ணினேன்.

அந்த லீவில்தான் அத்தை பேட்டரி மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தாள். பெட்ரோல் வேண்டாம், கயிறு வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“உங்க சட்டையில வருத பெட்ரோல் நாத்தம் எனக்கு ஆகலை. ராவும் பகலும் மண்டையிடி. அத மாத்துனாத்தான் நான் பொழைப்பேன்” என்றாள்.

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டில் பெட்ரோல் வாசனை மட்டும் இவள் மூக்கை என்ன செய்துவிட்டது என்று எனக்குக் கோபமாக வந்தது. அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாமாவும் லேசில் இறங்கி வரவில்லை. அது ஆம்பளை பிடிக்கிற மெஷின் இல்லை, விளையாட்டுச் சாமான் என்றார். ஆனால் அத்தை மூன்று நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு நடமாடவும், அவர் தென்காசிக்குப் போய்ப் பேட்டரி மெஷினோடு வந்தார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

“விஜயதசமியன்னைக்கு ஓட்டிப் பாப்பேன். சரிப்படலேன்னா அன்னைக்கே கொண்டு போயிப் போட்டுருவேன். பொறவு நீ இதப் பத்திப் பேசப்பிடாது” என்றார் மாமா. அத்தை சரி என்று தலையாட்டினாள். நெற்றித் துணி அன்றைக்கே அவிழ்ந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டில் பொட்டு வைக்கிற அதிகாரம் என்னிடம் இருந்தது. “ஒரு நட்டு விட்டுறாத. பொட்டு வைக்காத எடம் வருசம் பூரா மக்கர் பண்ணும்” என்பது மாமாவின் கட்டளை. நான் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் மெஷினுக்குக் கல்யாணப் பெண்ணை ஜோடிப்பது போலப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கயிற்றுப் பிடிக்கு மட்டும் மூன்று பொட்டு. பேட்டரி மெஷின் எனக்கு வேண்டாதவன் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் சாமி காரியத்தில் ஓரவஞ்சனை கூடாது என்று அதற்கும் ஒரு இடம் விடாமல் வைத்தேன். பேட்டரியைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் சந்து சந்தாக இருந்தது, உள்ளே பித்தளைத் தகடுகள் மின்னின. சின்ன விரலால் ஒவ்வொரு சந்திலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தையும் திணித்தேன். துணைக்கு இருந்த இன்னொரு பேட்டரிக்கும் அதே மரியாதை நடந்தது.

பிறகு மாமா சூடம் காட்டும்போது, நாளைக்கு இது ஓடக்கூடாது தாயே என்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மொபெட்டில் என்னை முன்னால் நிற்க வைத்து, பின்னால் புது மெஷினைக் கட்டிக்கொண்டு மாமா கிளம்பினார். ஐந்தருவிப் பக்கம் ஒரு பெரிய பங்களா. மறுநாள் அங்கே ஆட்கள் வந்து தங்கப்போகிறார்கள், அதற்குள் புல்லை முடிக்க வேண்டும். பங்களாவைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி, சத்தம் போடாத மெஷின் வந்திருக்கிறதாமே என்று கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மாமா வாரை மாட்டினார். பேட்டரியைச் செருகிப் பொத்தானை அமுக்கினார்.

சத்தமே இல்லை. “நெசமாவே சத்தம் இல்லையே” என்று அண்ணாச்சி ஆச்சரியப்பட்டார். மெஷின் ஓடவே இல்லை என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாமா இன்னொரு பேட்டரியைப் போட்டார். அதுவும் பிணம் மாதிரிக் கிடந்தது. பழைய மெஷின் மக்கர் செய்தால் எதைக் கழற்ற வேண்டும், எதை ஊத வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. இதில் கழற்ற என்ன இருக்கிறது, ஒரு பொத்தான்தான். அதைப் பத்துத் தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பெட்ரோல் மெஷினைக் கொண்டுவந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கணக்குப் பாடத்துக்கு அந்த சரஸ்வதி ஒரு நாளும் இவ்வளவு சீக்கிரம் இரங்கியது கிடையாது.

அன்றைக்குப் பதினோரு இழுப்பு. மனதுக்குள்தான் எண்ணினேன். ஐந்தாவதுக்குப் பிறகு மாமா கையை உதறிவிட்டு, வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். கடைசியில் அது அலறியது, குரங்குகள் ஓடின, நான் இடுப்பில் கை வைத்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் வெட்டினார். மூன்று ஏக்கர் இருக்கும். நடுவில் சாரலும் போட்டது. திரும்பும்போது மொபெட்டின் கைப்பிடியை அவர் அடிக்கடி விட்டுவிட்டு விரல்களை மடக்கி நீட்டினார். குளிருக்கு அப்படிச் செய்கிறார் என்று நானும் என் விரல்களை மடக்கி நீட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “அத்த, ஒங்க மெசின் ஓடல” என்று முதல் ஆளாகச் சொன்னேன். மாமா சுவரோரம் உட்கார்ந்து கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். அத்தை டம்ளரை எடுத்து, வழக்கம் போலப் பாதிக்கு ஊற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க மூன்று ஏக்கர் வெட்டிவிட்டு வந்த மனிதருக்கு இதுதானா? அவள் அடுப்பைத் துடைக்கத் திரும்பிய நேரம் பார்த்து, பாத்திரத்தில் இருந்த மிச்சக் காப்பியையும் டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மாமாவின் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். டம்ளர் ஆடியது. முதலில் விளிம்பில் கொஞ்சம் சிந்தியது, பிறகு மணிக்கட்டில் வழிந்தது. இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடித்தார், அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. காப்பி முழுக்க வேட்டியில் கொட்டி, டம்ளர் உருண்டு வாசற்படி வரைக்கும் போனது.

அத்தை ஓடிவந்தாள். ஈரத் துணியால் அவர் காலை ஒற்றிக்கொண்டே, “டம்ளரு ஈரமா இருந்துருக்கும். நான்தான் துடைக்காம வச்சிட்டேன்” என்றாள்.

“ஈரமும் இல்ல ஒண்ணும் இல்ல. எங் கைதான்” என்றார் மாமா. கொஞ்ச நேரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை துடைப்பதை நிறுத்திவிட்டாள். சூடு பட்டுவிட்டது என்று நான் அழத் தயாரானேன்.

“அந்தப் பேட்டரிய எடுத்துட்டு வாட்டி” என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். “இதுக்குள்ள போயி யாரு சந்தனம் அப்புனது?”

“நீங்கதான மாமா ஒரு எடம் விடாம வைக்கச் சொன்னீய?”

அடி விழும் என்று நினைத்தேன். மாமா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அத்தையும் சேர்ந்து சிரித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வெகுநேரம் துடைத்தாள். அப்புறம் இருவரும் விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு பழைய பல்விளக்குகிற பிரஷ்ஷால் அந்தத் தகடுகளைச் சுரண்டினார்கள். மாமா பேட்டரியைத் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, அத்தைதான் தேய்த்தாள்.

மறுநாள் அந்த மெஷின் ஓடியது. தேனீ போல ஒரு சின்ன ரீங்காரம், கைப்பிடியில் லேசான அதிர்வு, அவ்வளவுதான். குரங்குகள் மதிலை விட்டு அசையவில்லை, பேன் பார்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தன. எனக்கு அவமானமாக இருந்தது. எண்ணுவதற்கும் ஒன்றுமில்லை. பெட்ரோல் மெஷின் கடைசிப் பொட்டோடு சாக்குக்குள் போனது. இதெல்லாம் அத்தையின் மூக்கால் வந்த வினை என்று ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அவளோடு சரியாகப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு ஒரு நாளும் மண்டையிடி வந்ததில்லை என்று அம்மா சொல்லி நான் தெரிந்துகொண்டபோது காலேஜ் முடித்திருந்தேன்.

அரையாண்டு லீவுக்கு மறுபடி இலஞ்சிக்குப் போனேன். சாயங்காலம் மாமா வந்து உட்கார்ந்தார். அத்தை டம்ளரை எடுத்து, பாதியில் நிறுத்தாமல், விளிம்பு வரைக்கும் காப்பியை ஊற்றினாள். என்னைப் பார்த்துப் பயந்துதான் திருந்திவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா அதை ஒற்றைக் கையால் வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, டம்ளர் காலியாகிற வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு காப்பியும் போகிறதே என்று வயிறு எரிகிறாள் என்று நான் நினைத்தேன்.