திங்கட்கிழமைக்காரர்

செயற்கைக்கால் செய்து கொடுப்பவருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் திங்கட்கிழமைக்காரர். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து கதவைத் தட்டினாலும் "திங்கக்கிழமை வாங்க" என்பதுதான் பதில். சனிக்கிழமை சாயங்காலமே கருவிப்பெட்டியைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுவார். ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள், அன்றைக்கு வேலை கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒழுங்கு. வேலையில் மனிதர் கெட்டிக்காரர். அவர் செய்த காலைப் போட்டுக்கொண்டு பந்து விளையாடுகிறவர்கள்கூட உண்டு. பிடிவாதத்திலும் குறைச்சல் இல்லை.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்தவள் ஒரு தையல்காரி. அவளுடைய இடது கால் இவர் செய்ததுதான். தொடையில் கட்டும் வாரின் ரிவெட் ஆணி தெறித்துப்போய், காலைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஊன்றுகோலோடு நின்றாள். மகனுக்கு மறுநாள் விடியற்காலை இதய ஆபரேஷன். பார்க்க விடுவது இன்று பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும்தான். வார்டு மூன்றாவது மாடியில். லிப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நிமிட வேலை.

அவர் வருத்தப்பட்டார், அதை இல்லையென்று சொல்ல முடியாது. நாளைக்கு முதல் வேலையாக முடித்துத் தருவதாகச் சொன்னார். பையனுக்காக ஜெபம் செய்வதாகவும் சொன்னார். அவள் காலைக் கையிடுக்கில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

பத்து மணி ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை அவருடையது. பதினெட்டு வருஷமாக நிமிர முடியாமல் கூனிக்கிடந்த ஒருத்தியை இயேசு ஓய்வுநாளில் குணமாக்கிய பகுதி. ஜெபாலயத் தலைவனுக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வரக் கூடாதா என்கிறான். அதுவரைக்கும் நம்மவர் கணீரென்று வாசித்தார். அடுத்து வந்த பதிலில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓய்வுநாளில் உங்கள் மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுவதில்லையா என்று கேட்கிறார் இயேசு.

அன்று காலை ஏழு மணிக்கு வீட்டு நாயின் சங்கிலி தூணில் சிக்கி, தண்ணீர்ப் பாத்திரத்தை எட்ட முடியாமல் அது கத்தியது. மனைவியிடம் சாவி வாங்கி, குறடால் கொக்கியை வெட்டிவிட்டார். வாயில்லா ஜீவன், இது வேலையில் சேராது என்று தீர்ப்பும் தானே சொல்லிக்கொண்டார். வாயுள்ள ஜீவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

முன்வரிசையில் இருந்த மனைவி முறைக்கவெல்லாம் இல்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மீதி வசனத்தை எப்படியோ முடித்து இறங்கிவந்து, சாவியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். பிரசங்கத்துக்கு முன்பே அவர் எழுந்து போனதைப் பார்த்துச் சபையே வாயைப் பிளந்தது.

வீட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் இல்லையென்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிற தாயா அவள்? இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இருந்தாள். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு படியில் மண்டியிட்டு, அவள் மடியிலிருந்த காலை வாங்கி, ரிவெட்டை வைத்து அடித்தார். சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. எட்டிப் பார்த்த நர்ஸ் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சேண்ணே," என்றாள் தையல்காரி. குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆமாம்மா. அதனாலதான் வந்தேன்."

வாரை இறுக்கிக் கட்டிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அவள் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடந்தே ஏறினாள்.