சிரட்டையில் மிஞ்சிய புளியங்கொட்டை

கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த சின்னப் படகு கொக்கிளாய்க் கரையில் முட்டி ஆடியபோது, வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் பயத்தில் உடுப்போடு சிறுநீர் கழித்துவிட்டார். அவருக்குப் பின்னால் முப்பது பேர் இறங்கக் காத்து நின்றார்கள். கை கொடுக்க முழங்கால் தண்ணீரில் நின்ற ராக்காயி, கால் தடுக்கியவள் போல அந்த அம்மாவை மடியில் தாங்கியபடியே அலைக்குள் குந்திவிட்டாள். இருவரும் தொப்பலாய் நனைந்தார்கள்.

மேற்பார்வைக்காரன் ஜனார்த்தனன் கரையில் நின்று கத்தினான். "ஆக்களைக் கரையேத்தச் சொன்னால் குளிப்பாட்டுறியளோ அக்கா?"

ராக்காயி பல் தெரியச் சிரித்துத் தலையைச் சொறிந்தாள். உண்மையைக் கண்டவள் கரையில் இருந்த கூட்டுவேலைக்காரி விமலேஸ்வரி ஒருத்திதான். ராக்காயி அவளிடம்கூட அதைப்பற்றி வாய் திறந்ததில்லை.

ராக்காயியை எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் பதுளைப் பக்கமிருந்து கைப்பிள்ளையாய் வன்னிக்குத் தூக்கி வந்தார்கள். காடு வெட்டினாள், கச்சான் கடலை ஆய்ந்தாள், புருசனைச் சண்டையில் இழந்தாள். கடல்நீர் தேங்கும் களப்பில் பறவை பார்க்க உல்லாசக் கப்பல் வரத் தொடங்கிய பிறகு இந்த வேலை கிடைத்தது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் சின்னப் படகில் வருவார்கள். ஒருத்தி தண்ணீரில் நின்று இறக்குவாள், மற்றவள் கரையில் இருந்து எண்ணுவாள்.

ராக்காயிக்கு எழுத்துத் தெரியாது. ஆளுக்கொரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடுவாள். ஆட்கள் திரும்பிப் போகும்போது ஒவ்வொன்றாய் எடுப்பாள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் பிள்ளையாருக்கென்று ஒன்று போட வேண்டும். கடைசியில் அந்த ஒன்று மட்டும் மிஞ்சினால் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று கணக்கு. விமலேஸ்வரியும் அப்படியே பழகிவிட்டாள்.

அந்த வைகாசியில் விமலேஸ்வரியின் புருசனுடைய பெரியப்பா சாவகச்சேரியில் மோசம் போனார். வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. ராக்காயியோ வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்காக விரதம் இருந்தாள். துடக்கு என்று சொன்னால் பக்கத்தில் இருக்க விடமாட்டாள், வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று பயந்து விமலேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள்.

அந்தத் துடக்கு நாட்களில் ஒரு காலை ராக்காயி தண்ணீரில் நின்றாள். எண்ணும் முறை விமலேஸ்வரிக்கு. கொட்டையை எடுத்த கை அப்படியே நின்றது. துடக்கோடு பிள்ளையாருக்கு எப்படிப் போடுவது? போடவில்லை. ஆட்களுக்கு மட்டும் போட்டாள். பின்னேரம் எப்படியாவது ராக்காயிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

பின்னேரம் காற்று எழும்பியது. படகுக்காரர் அவசரப்படுத்தினார்கள். இந்தமுறை விமலேஸ்வரி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்களை ஏற்றினாள். ராக்காயி கரையில் இருந்து கொட்டைகளை எடுத்தாள். கப்பலில் ஏறுகிறவர்களின் அட்டையைப் பார்த்து எண்ணுகிற பொறி அன்று பழுது. கரைக் கணக்கைத்தான் கேட்டார்கள்.

"பிள்ளையார் மட்டுந்தான் இருக்காரு! போகச் சொல்லு தங்கச்சி!"

விமலேஸ்வரியின் காதில் அது விழுந்தது. ஆனால் ஒரு கிழவி வழுக்கி அவளுடைய கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவளை ஏற்றிவிட்டு நிமிர, படகு போய்விட்டது. விழுந்த சொல் மனதுக்குள் இறங்கவும் இல்லை.

கப்பல் கண்ணுக்கு மறைந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். களப்புப் பக்கமிருந்து தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியபடி ஒரு கிழவர் தள்ளாடி வந்தார். கடலைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். அப்படியே மணலில் குந்திவிட்டார். சீனி வருத்தக்காரர், நீரிழிவுக்குப் போடுகிற ஊசி மருந்து கப்பலில். நாக்கு வறண்டு மூச்சு வாங்கியது.

அவரை வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் அவருக்கு நினைவு சரியாய் இல்லை. இரண்டு நாளும் விமலேஸ்வரி சோறு தொடவில்லை. கோயிலுக்குள் போக முடியாது; வீதியில் நின்றே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் அவர் எழும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் மூச்சு வந்தது.

ஜனார்த்தனன் இருவரையும் கூப்பிட்டான்.

"கப்பல்காரர் என்னைத் தின்னுறாங்கள். ஆர் எண்ணினது? ஒராள் போகத்தான் வேணும்."

விமலேஸ்வரி தன் வீட்டை நினைத்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், முதுகு முறிந்து படுத்திருக்கும் புருசன். ராக்காயி திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிழை எங்கே நடந்ததென்று ராக்காயிக்கு விளங்கிவிட்டது போலிருந்தது.

"நாந்தாங்க கடைசியா எண்ணினேன்," என்றாள் ராக்காயி. "கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க."

அடுத்த கிழமை ராக்காயி நெளுக்குளத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் புறப்பட்டாள். விமலேஸ்வரி பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். துடக்கு, போடாத கொட்டை, சொல்லாமல் விட்டது.

"நான் இப்பவே போய் ஜனார்த்தனன் தம்பியிட்டைச் சொல்லுறன் அக்கா. நீங்கள் போகாதேங்கோ."

"சும்மா இரு. உன் வீட்டில நாலு வாயி இருக்கு. எனக்கு மக சோறு போடுவா."

பஸ் வந்தது. ராக்காயி பையைத் தூக்கி மிதிபலகையில் ஒரு கால் வைத்தாள். பிறகு திரும்பினாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

"வேல போனது எனக்குப் பெருசில்ல, விமலா. தீட்டுன்னு சொல்லியிருந்தா உன்னையத் தள்ளி வச்சிருவேன்னு நெனச்சிட்டியே. அஞ்சு வருசமா ஒரே பொதியில சோறு தின்னோமே. என்னைய அவ்வளவுதானா நீ தெரிஞ்சு வச்சிருந்த?"