வெலிக்கா ஊசி போட விடவில்லை

எங்கள் ஊரிலிருந்து தலைநகர் சோஃபியாவுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியில் இடம் கிடைத்ததும், அங்கே ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் நெனோவிடம் அப்பா எனக்கு ஓர் அறை கேட்டார். படிப்பு முடியும் வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். நெனோ மாமாவின் மனைவி வெலிக்காவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வெலிக்கா அத்தைக்குச் சதுக்கத்து வெள்ளை மண்டபத்தில் வேலை. அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் தலைவர் படுத்திருப்பார். அவர் செத்தபோது பிறந்த பிள்ளைகளுக்கே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவருடைய சட்டை, கோட்டு, தலையணை உறை, உடம்பைத் துடைக்கிற துணிகள் எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போடுவது அத்தையின் பொறுப்பு. கோட்டின் முதுகை வெட்டி நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். விறைத்த உடம்புக்கு வேறு எப்படி மாட்டுவது? வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் அக்கம்பக்கத்தாருக்கு அவள் அரசு விருந்தினர் மாளிகையின் சலவைக்காரி. வீட்டுக்குள் மட்டும் ஒளிவுமறைவு இல்லை.

"எனக்கு ஒரு சட்டை தேய்ச்சுக் குடுத்து எத்தன மாசமாச்சுடி?" என்பார் மாமா. "அந்தாளுக்கு மட்டும் கஞ்சி போட்டு மொடமொடன்னு."

"அவரு கறை பண்ண மாட்டாரு. நீங்க சூப்பைப் பாதி நெஞ்சுலதான ஊத்திக்கிறீங்க."

"பண்ண மாட்டாராக்கும். மணிக்கட்டுல பூஞ்சை பூத்திருக்குன்னு போன வாரம் யாரு வந்து சொன்னது?"

"சாப்பாட்டு முன்னால அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

மாமா எடுப்பார். அவருக்கு அது சிரிப்பும் அருவருப்பும் கலந்த விஷயம். அந்த வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைவது அவர்தான். அத்தை எலுமிச்சம்பழம் தேய்த்தும் சாம்பல் தேய்த்தும் கழுவினாலும், தலைவர் உடம்பு அழுகாமல் இருக்கப் போடும் மருந்தின் வாடை விரல்களில் இருக்கும். அந்தக் கை பட்ட மாவு அவருக்கு இறங்காது. ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "நான் போனா மறுநாளே மண்ணுல போட்டுடு வெலிக்கா. ஒருத்தனும் என்னை வச்சு வேடிக்கை பாக்கக் கூடாது."

"உங்களை எவன் பாப்பான்? டிக்கெட் ஓசியா குடுத்தாலும் வர மாட்டான்."

அந்தத் தலைவரை நானும் பார்த்தேன். பட்டம் வாங்கிய கோடையில் எங்கள் வகுப்பையே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினார்கள். என் குடும்பத்தில் யார் கைக்கும் வராத சான்றிதழ் என் கையில் இருந்தது. தலை நிமிர்ந்துதான் உள்ளே போனேன். முதலில் முகத்தில் அடித்தது குளிர். அப்புறம் அந்த வாடை. அழுகிய பேரிக்காயில் பினாயிலை ஊற்றியது போல இருந்தது. காதுகள் மெழுகு. கன்னத்தில் மாவு அப்பிச் சிவப்புத் தடவியிருந்தார்கள். விரல் நுனிகள் அவித்து ஆறிய உருளைக்கிழங்கின் தோலைப் போலச் சுருங்கியிருந்தன. எனக்கு முன்னால் போன பெண் கைக்குட்டையை வாயில் வைத்தாள். கையைக் கீழே விடு என்று காவலன் அதட்டினான். வெளியே வந்து பூச்செடி ஓரமாக நின்று துப்பினேன். எவ்வளவு துப்பியும் தொண்டையை விட்டு அது போகவில்லை. ஒரு மனிதனை அழுகவும் விடாமல், உப்புக்கண்டம் போட்டு ஊருக்குக் காட்டுவதை மரியாதை என்று நான் படித்த புத்தகங்களில் எழுதியிருந்தது. படித்தேன், எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். வயிறு மட்டும் ஒப்பவில்லை.

அந்தக் கோடையிலேயே மாமா போய்விட்டார். ட்ராமை நிறுத்திவிட்டு இறங்கியவர் பணிமனை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

கூடத்து மேசையில், கால் வாசலைப் பார்க்கும்படி கிடத்தினோம். ஊரிலிருந்து அவருடைய அக்கா கீனா வந்து இறங்கினாள். ஒரே மகன் ஆசேன் லிபியாவில் கட்டட வேலையில் இருந்தான். தந்தி போய்ச் சேர்ந்தது. விமானம் பிடித்து வர நாலு நாளாகும் என்று பதிலும் வந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே இப்போதே ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் மண்டபத்து ஆய்வுக்கூடத்தின் தலைமை மருத்துவர் கலூதோவ் மலர் வளையத்தோடு வந்தார். இன்னொரு கையில் தோல் பை. அத்தையின் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டு உடனே விஷயத்துக்கு வந்தார்.

"வியாழக்கிழமை வெளிநாட்டுக் குழு வருது, தோழர் வெலிக்கா. புதுக் கோட்டு மாட்டணும். அந்த நாடாவெல்லாம் உங்க கைக்குத்தான் படியும். இந்த வாரம் உங்களை அனுப்ப முடியாது."

"இவரை என்ன பண்றது?"

"அதுக்குத்தான் வந்தேன்." பையைத் தட்டினார். "ஒரு ஊசி. பையன் வர்ற வரைக்கும் அப்படியே இருப்பாரு. மந்திரிக்குக்கூட நாங்க இதைச் செய்யறதில்ல. உங்களுக்காக."

கீனா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்க டாக்டர். பெத்த புள்ள வந்து அப்பன் முகத்தைப் பாக்க வேண்டாமா? போடுங்க."

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. "போட்டா எப்படி இருப்பாரு?"

"தூங்கற மாதிரி."

"என்கிட்டயே சொல்றீங்களா டாக்டர்? அந்தாளோட அக்குளைத் தொடைச்ச துணியெல்லாம் துவைக்கறவ நான். தூங்கற மனுஷன் துணி அப்படியா இருக்கும்?"

"வெலிக்கா, வாயை அடக்கு," என்றாள் கீனா. "உன் புள்ள நாளைக்கு வந்து எங்கப்பா எங்கன்னு கேப்பான். என்ன சொல்லுவ?"

"மண்ணுல இருக்காருன்னு சொல்லுவேன் அக்கா."

"கல் நெஞ்சுடி உனக்கு. டாக்டர், நான் அவன் கூடப் பொறந்தவ. நான் சொல்றேன், போடுங்க."

கலூதோவ் பையைத் திறந்தார். அதே பேரிக்காய் வாடை கூடமெங்கும் பரவியது. மெழுகுவத்திப் புகைக்கும் அது அடங்கவில்லை. அத்தை எழுந்து மாமாவுக்கும் டாக்டருக்கும் நடுவே மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல எனக்குப் போடுங்க," என்றாள். "அப்புறம் ரெண்டு பேரையும் சேர்த்து வச்சு வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்டுங்க. அந்தாளுக்கும் பேச்சுத் துணையாச்சு."

கலூதோவின் முகம் வெளுத்தது. தலைவரை அப்படிப் பேசினவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களும் என்ன ஆவார்கள் என்று அவருக்குத் தெரியும். பையை மூடினார். "நாளைக்குக் காலையில நீங்க வரலைன்னா, அப்புறம் வரவே வேண்டியதில்ல."

"சரி," என்றாள் அத்தை. மேசையை விட்டு அவள் இறங்கியது அவருடைய கார் கிளம்பின பிறகுதான்.

மறுநாள் காலை பணிமனைக்காரர்கள் ஒரு லாரி கொடுத்தார்கள். ஊருக்குப் போகும் மலைச்சாலையில் பாதித் தூரம் போனதுமே உடம்பு நாறத் தொடங்கிவிட்டது. கீனா தலைத்துணியின் முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்தை பொத்தவில்லை. கீனா அவளை முறைத்தாள்.

"நாறுதா அக்கா? நாறட்டும். உயிரோட இருந்த மனுஷன் அப்படித்தான் நாறுவான்."

உச்சி வெயிலில் புதைத்தோம்.

ஆசேன் வந்தபோது புது மண்மேடுதான் இருந்தது. "முகத்தைக்கூட விட்டு வைக்கலையேம்மா," என்றான் ஒரே ஒரு தடவை. "காட்ட முடிஞ்சிருந்தா காட்டியிருப்பேன்," என்றாள் அவள். "அவங்க காட்டுறது உங்கப்பா முகமா இருந்திருக்காதுடா." அவன் அத்தை கீனா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா வைத்த எதையும் தொடவில்லை. அவளுக்கு வேலையும் போயிருந்தது. சோஃபியாவுக்குத் திரும்பியதும் பணிமனை உணவகத்தில் பாத்திரம் கழுவக் கூப்பிட்டார்கள், போனாள். மகன் பேசாததுதான் அவளைத் தின்றது. அதைப் பற்றி யாரும் கேட்டால், வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

நாற்பதாம் நாள், செத்தவருக்கு ஒயின் ஊற்றும் சடங்குக்கு எல்லோரும் கல்லறைக்குப் போனோம். இடையில் நல்ல மழை பெய்திருந்தது. மேடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆசேன் அதைப் பார்த்துப் பதறிப்போய், பக்கத்துக் கல்லறையில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தான்.

"விடு," என்றாள் அத்தை. "அமுங்கட்டும்."

"பள்ளமாக் கெடக்கும்மா. அப்பா மேல."

"உங்கப்பா இறங்கிப் போறாருடா. மேல இருந்து தூத்து மூடாத. ஒரு வருஷம் போனா தானா நிக்கும், அப்புறம் கல்லு வைக்கலாம்."

ஆசேன் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மண்வெட்டியை எடுத்த இடத்திலேயே சாய்த்துவிட்டு வந்து, அம்மாவின் கையிலிருந்த ஒயின் குப்பியை வாங்கிப் பள்ளத்தில் மெதுவாகச் சாய்த்தான். ஒயின் ஒரு கணம் தேங்கி நின்றது. பிறகு மண் அதைக் குடித்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள் அவள். ஊற்றினான்.