ஐந்தாம் சரணம்

பிரியமானவர்களே, பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த யுத்தகாலத்தில், போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நடுவில்தான் அதை உண்மையில் தெரிந்துகொண்டேன்.

நான் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறுதோறும் எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பதும் நான்தான். காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ஆர்கன். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம், ஆகையால் வெறுங்காலோடுதான் மிதிப்பேன். நன்றாக வாசிக்கிறேன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

எங்கள் சபை உபதேசியார் சந்தோஷம் ஐயா கீழப்பாவூர்க்காரர். ஊர் ஊராக நடந்துபோய்ப் பிரசங்கம் செய்வார், நடக்கும்போதே கீர்த்தனை கட்டுவார். அந்த வாரம் இயேசுவின் சீஷர்கள் பேரில் புதிதாக ஒன்று கட்டியிருந்தார். ஆளுக்கு ஒரு சரணமாகப் பன்னிரண்டு சரணம். சனிக்கிழமை பாடிப் பழகும்போது, நாலோடு நிறுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

"என்னவே வாத்தியாரே, மத்த எட்டு பேரும் என்ன பாவம் பண்ணுனாவ?" என்று கேட்டார்.

"ஐயா, எல்லாத்தையும் பாடுனா மத்தியானம் ஆயிரும். சனத்துக்குப் பசிக்கும்லா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வீசியது. கோயிலுக்குள் ஒரே ஈரம். சபை எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடியது. மூன்றாம் சரணத்தில் என் வலது கால்மேல் சில்லென்று என்னவோ ஏறியது. மழைத்தண்ணீர் என்று நினைத்துக் குனிந்தேன். நல்லபாம்பு. ஆர்கனுக்கு அடியிலிருந்து வந்து, என் புறங்காலில் பாதி உடம்பைப் போட்டபடி, முன்னால் விரித்திருந்த பாயின் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது.

அது பெண்களும் பிள்ளைகளும் உட்காருகிற பாய். அதன் ஓரத்தில் என் மனைவி ரூபி, எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஜெபத்துக்கு முழங்கால்படியிடுவார்கள். அவள் பிள்ளையைப் பாயில் இறக்கிவிடுவாள். பிள்ளை நேராக என் காலடிக்குத்தான் தவழ்ந்து வரும். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

கத்தலாமா? கத்தினால் பாம்பு சீறும், ஜனம் மிதிபடும். வலது காலை அசைக்கவே பயந்து, இடது காலால் மட்டும் மிதித்தேன். இழுப்பு வந்தவன்போல் ஆர்கன் முனகியது. நாலாம் சரணமும் வந்துவிட்டது. வேதவசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, பாட்டு முடியக்கூடாது" என்று மட்டும் உள்ளுக்குள் கதறினேன்.

பாட்டு முடிந்தது. ரூபி பிள்ளையை இறக்கக் குனிந்தாள்.

அப்போது உபதேசியாரின் குரல் தனியாக எழும்பியது. ஐந்தாம் சரணம்! சபை திகைத்துப்போய் மறுபடி பல்லவியைப் பிடித்துக்கொண்டது. ரூபி நிமிர்ந்தாள். பிலிப்பு, பற்தொலொமேயு, தோமா என்று அவர் விடாமல் போனார். நானும் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன். பாம்பு அசையவில்லை. ததேயுவின் சரணத்தில்தான் என் காலைவிட்டு மெதுவாக இறங்கி, சுவரோரம் ஊர்ந்து, தரை கழுவிய தண்ணீர் போகிற ஓட்டை வழியே வெளியே போயிற்று.

வால் மறைந்ததும் நான் மயங்கி விழுந்தேன். நான் தெளிந்து விஷயத்தைச் சொன்னதும் ஆர்கனைத் திறந்து பார்த்தார்கள். துருத்திக்குக் கீழே எலிக்கூடும், பாம்பு உரித்துப்போட்ட இரண்டு சட்டையும் கிடந்தன. எத்தனை ஞாயிறு அதன் தலைக்குமேல் மிதித்தேனோ!

சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். "ஐயா, நீங்க பாம்பைப் பாத்தியளா? மேற்கொண்டு பாடணும்னு எப்படித் தோணிச்சு?"

"பாம்பை நான் எங்கவே பாத்தேன்? எனக்குக் கோவம்! என் பாட்டை வெட்டுததுக்கு இவன் யாருன்னுதான் பாடுனேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

என் கர்வம் அன்றோடு போயிற்று. இப்போது அவர் எத்தனை சரணம் கட்டினாலும் அத்தனையும் வாசிக்கிறேன். பசிக்கிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

சகோதர சகோதரிகளே, வாய் திறக்க முடியாத பயத்தில் உங்களில் யாராவது இருக்கலாம். அழகான ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. உள்ளுக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆண்டவர் கேட்கிறார். ஒரு மனிதனுடைய கோபத்தைக்கூட எடுத்து என் பிள்ளையைக் காத்தார். போன வாரம் அவள் நடக்க ஆரம்பித்தாள். அவள் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.